பாதிக்கு மேல் ரத்தம்

பிப்ரவரி 11

சின்னவளுக்கு,

நலமா என்று கேட்டால் நீ பதில் சொல்லப் போவதில்லை, அதனால் கேட்கவில்லை. என் எண்ணை உன் போனில் முடக்கி வைத்திருக்கிறாய். கண்ணாடிக் கடைக்குப் பேசினால் "அவங்க லென்ஸ் மாட்டிட்டு இருக்காங்க" என்று ஒரு பெண் பாடம் ஒப்பிக்கிறாள். காகிதத்தைக் கிழிப்பதற்கு முன்னாலாவது படிப்பாய் என்று எழுதுகிறேன்.

எங்கள் ஆய்வகத்தின் மரபணு ஆய்வுக்காக எச்சில் மாதிரி கொடுத்த குடும்பங்களுக்கெல்லாம் நன்றி சொல்ல ஒரு கூட்டம் வைத்திருக்கிறார்கள். அடுத்த மாதம், உங்கள் ஊர் நகராட்சி மண்டபத்தில். நாம் மூன்று பேரும் சில வருஷங்களுக்கு முன் கொடுத்தோமே, அதனால் உனக்கும் அழைப்பு வரும். நான் வரப்போவதில்லை, என் உதவியாளர்தான் பேசுவார். என் முகத்தைப் பார்க்க நேருமோ என்று நீ போகாமல் இருக்க வேண்டாம்.

எழுத உட்கார்ந்த காரணம் அதுவல்ல. அவன் அடுத்த மாதக் கடைசியில் வெளியே வருகிறான். மூத்தவள் என்பதால் சிறையிலிருந்து எனக்குத் தகவல் அனுப்பியிருக்கிறார்கள். ஸ்பேனரால் அடித்து ஒரு மனிதனின் இடுப்பை உடைத்தவன். அந்த மனிதர் இன்னும் சுவரைப் பிடித்துக்கொண்டுதான் நடக்கிறாராம். நேராக உன்னிடம்தான் வருவான். கதவைத் திறக்காதே. மாப்பிள்ளையிடமும் சொல்லி வை.

நீ பேசாமல் விட்டு ஒரு வருஷம் ஆகப்போகிறது. நான் அப்படி என்ன செய்துவிட்டேன்? மாப்பிள்ளை கேட்டார், எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். முடிவு உங்களுடையது. அவன் மகளைத் தெருவிலா விட்டோம்? முறைப்படி, வசதியான ஓர் இடத்துக்குத்தான் தத்துப் போயிருக்கிறாள். இதற்கு என்னோடு என்ன கோபம் என்று எனக்கு இன்னும் விளங்கவில்லை.

அக்கா

பிப்ரவரி 20

அக்கா,

கிழிக்கவில்லை. படித்தேன். படித்துவிட்டுக் கடையில் ஒருவருக்கு வலது லென்ஸை இடது பக்கம் மாட்டிக் கொடுத்து முதலாளியிடம் வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

கடிதம் முழுக்க "அவன்", "அவன்" என்று எழுதியிருக்கிறாய். உன் தம்பி. எனக்கு அண்ணன். "அவன் மகள்" என்கிறாயே, அவளுக்கு நீ பெரிய அத்தை.

வசதியான இடமா? எந்த இடம், சொல்லேன். உனக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. காப்பகத்துக்குப் போய் நின்றால் அந்த அதிகாரி தலையைக்கூட நிமிர்த்தாமல் "பைல் மூடியாச்சும்மா, சொல்லக் கூடாது" என்கிறார்.

உனக்குக் கோபம் விளங்கவில்லை என்றால் நடந்ததைச் சொல்கிறேன், கேட்டுக்கொள். அண்ணி காய்ச்சலில் போய், அண்ணனும் உள்ளே போன பிறகு பாப்பா காப்பகத்தில் கிடந்தாள். நான் வளர்க்கிறேன் என்று அண்ணனிடம் போய்ச் சொன்னேன். நான் தத்து எடுக்க வேண்டும் என்பதற்காகத்தான் அவன் தன் உரிமையையே விட்டுக் கையெழுத்துப் போட்டான். "உன்கிட்டன்னா சரி சின்னது. வேற யாருக்கும் போட மாட்டேன்" என்றான். சட்டப்படி முடிவதற்கு முன் சில மாதம் வீட்டில் வைத்துப் பாருங்கள் என்று அனுப்பினார்கள். வந்த புதிதில் மேஜைக்கு அடியில்தான் தூங்குவாள். மெத்தையை நானே அங்கே தள்ளிப் போட்டேன். கடையிலிருந்து லென்ஸ் இல்லாத குழந்தைப் பிரேம் ஒன்று கொண்டு வந்து கொடுத்தேன். அதை மாட்டிக்கொண்டு வீடு முழுக்கச் சுற்றி "அத்தை, இப்பதான் எல்லாம் தெளிவா தெரியுது" என்பாள். என் வீட்டுக்காரர் கூடச் சிரிப்பார்.

ஒரு நாள் டி.வி.யை அணைத்துவிட்டு அவர் அவள் கையைப் பிடித்து இழுத்தார். அவள் அவர் மணிக்கட்டைக் கடித்துவிட்டாள். ஐந்து வயசுக் குழந்தை. ரத்தம் வந்தது, இல்லை என்று சொல்லவில்லை. அவர் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டு உனக்குப் பேசினார். வெளியே வந்து சொன்னார்: "உங்க அக்கா படிச்சவங்க, அவங்களே சொல்லிட்டாங்க. பாதிக்கு மேல ரத்தமாம். நாம என்ன பண்ணினாலும் மாத்த முடியாது. வேண்டாம் இது." பாப்பா பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தாள். தன் முழங்காலைக் குனிந்து பார்த்துவிட்டு, "ரத்தம் எங்க அத்தை?" என்று கேட்டாள்.

கதவுக்கு உள்ளே அவரிடம் என்ன சொன்னாய்? வார்த்தைக்கு வார்த்தை எழுது. அதன் பிறகு என் கோபத்தைப் பற்றிப் பேசலாம்.

கூட்டத்துக்கெல்லாம் நான் போகப்போவதில்லை.

தங்கை

மார்ச் 1

சின்னவளுக்கு,

வார்த்தைக்கு வார்த்தை கேட்டாய். மறைக்க எனக்கு எதுவும் இல்லை.

மாப்பிள்ளை: "கோபம், கை நீட்டறது, இதெல்லாம் பரம்பரையா வருமா?"

நான்: "இதுவரைக்கும் வந்த ஆய்வுகள்ல பாதிக்கு மேல மரபுன்னுதான் போட்டிருக்கு."

மாப்பிள்ளை: "அப்போ இந்தக் குழந்தைக்கு?"

நான்: "தாத்தாவும் அப்படி, அப்பாவும் அப்படி. நீங்களே யோசிச்சுக்குங்க."

மற்றதெல்லாம் அவருடைய மணிக்கட்டைப் பற்றியும், தடுப்பூசி போட வேண்டுமா என்பதைப் பற்றியும். குழந்தையைத் திருப்பி அனுப்புங்கள் என்று நான் சொல்லவில்லை. தேடிப் பார், அந்த வாக்கியம் எங்கேயும் கிடையாது.

நீ எழுதியதில் மேஜை இருக்கிறது, மெத்தை இருக்கிறது, பிரேம் இருக்கிறது. என் காது இல்லை. எனக்குப் பதினேழு வயது, அவனுக்குப் பதினைந்து. பரீட்சைக்கு முந்தைய வாரம். ஒரே ஓர் அறை விட்டான். இடது காது அன்றோடு சரி. இன்றைக்கும் கூட்டங்களில் இடது பக்கம் உட்கார்ந்து யாராவது பேசினால் சிரித்துக்கொண்டே தலையாட்டுகிறேன். எதற்குத் தலையாட்டினேன் என்று பிறகு மின்னஞ்சல் பார்த்துத் தெரிந்துகொள்கிறேன். உனக்கு அப்போது எட்டு வயது, கட்டிலுக்கு அடியில் இருந்தாய். எல்லாம் அடங்கிய பிறகு வெளியே வந்து அவனுக்குத்தான் தண்ணீர் கொண்டுபோய்க் கொடுத்தாய், எனக்கில்லை.

நீ இரண்டு காதாலும் கேட்டு வளர்ந்தவள். இரக்கப்படுவது உனக்குச் சுலபம்.

அக்கா

மார்ச் 17

அக்கா,

போக மாட்டேன் என்றவள் போனேன். "நீங்களே யோசிச்சுக்குங்க" என்று எழுதியிருந்தாயே, அது உறங்க விடவில்லை. உன் ஆட்கள் என்ன யோசிக்கிறார்கள் என்று பார்க்கலாம் என்று போனேன்.

மண்டபத்தில் எங்கே பார்த்தாலும் ஜோடி ஜோடியாகக் கூடப் பிறந்தவர்கள். எனக்கு முன்வரிசையில் வயசான அண்ணன் தம்பி இரண்டு பேர், ஒரே மாதிரி வழுக்கை, ஒரே மாதிரி இருமல். நான் மட்டும் ஒற்றையாக உட்கார்ந்திருந்தேன். உன் உதவியாளர் நல்ல பையன். மூக்குக்குப் பெரிய பிரேம் போட்டிருக்கிறார், பேசப் பேசக் கீழே வழுக்குகிறது. என் கடைக்கு அனுப்பு, சரி செய்து தருகிறேன்.

அவர் சொன்னதை எனக்குப் புரிந்தபடி எழுதுகிறேன், தப்பு இருந்தால் திருத்து. "கூடப் பிறந்தவங்க எல்லாம் பாதிக்குப் பாதின்னு புஸ்தகத்துல போட்டிருக்கும். அது சராசரிதாங்க. மரபணுவைச் சீட்டுன்னு வெச்சுக்குங்க. அப்பாகிட்ட ரெண்டு சீட்டுக்கட்டு, அம்மாகிட்ட ரெண்டு சீட்டுக்கட்டு. ஒவ்வொரு பிள்ளைக்கும் புதுசா கலைச்சுதான் பாதியை எடுத்துக் குடுக்கறாங்க. அதனால ஒரு ஜோடிக்கு நூத்துக்கு நாற்பது சீட்டு ஒத்துப்போகும், இன்னொரு ஜோடிக்கு அறுபது ஒத்துப்போகும். அதிர்ஷ்டம்தான். மத்தபடி வீடு ஒண்ணு, சாப்பாடு ஒண்ணு, அடி ஒண்ணு" என்றார். எல்லாரும் சிரித்தார்கள்.

"இப்ப பாருங்க, அதிகமா சீட்டு ஒத்துப்போற ஜோடி உயரத்துலயும் அதிகமா ஒத்துப்போறாங்க. அப்போ உயரம் பெரும்பாலும் மரபு. அதே மாதிரி கோபத்தையும் கை நீட்டறதையும் பாத்தோம். நாற்பதும் ஒண்ணுதான், அறுபதும் ஒண்ணுதான். சீட்டுக்கும் அதுக்கும் சம்பந்தமே தெரியல. பத்துல ஒரு பங்கு மரபுன்னு சொன்னாலே அதிகம்."

நான் எழுந்து கேட்டேன். என் குரல் எனக்கே யாரோடதோ மாதிரி இருந்தது. "பாதிக்கு மேலன்னு சொல்றாங்களே?"

"அது பழைய கணக்கும்மா. ஒரே வீட்டுல ஒண்ணா வளந்ததால வர்ற ஒற்றுமையும் அதுல மரபுன்னு சேந்துடுது."

"இது உங்களுக்கு எப்பத் தெரிஞ்சுது?"

"போன வருஷம் ஜனவரியிலேயே. எங்க மேடம்தான் முதல்ல பாத்தாங்க. ரெண்டு தடவை சரி பாத்துட்டு வெளியில சொல்லலாம்னு இருந்தோம்."

ஜனவரி. என் வீட்டுக்காரர் உன்னிடம் பேசியது ஏப்ரலில்.

உட்கார்ந்திருக்கலாம். இன்னொன்றும் கேட்டேன். "ஒரு குழந்தையோட அப்பா ஜெயில்ல இருந்தா அதுவும் அப்படித்தான் ஆகும்னு உங்க கணக்கு சொல்லுமா?"

அவருக்குத் தூக்கிவாரிப் போட்டது. "ஐயோ, இல்லம்மா. எந்தக் கணக்கும் அப்படிச் சொல்லாது. இது ஆயிரக்கணக்கான பேரைப் பத்தின எண். தனி ஆளைப் பத்தி ஒரு வார்த்தை சொல்லாது. புதுசா சேர்ற பசங்களுக்கு எங்க மேடம் முதல் நாள் எடுக்கற பாடமே இதுதான்."

முதல் நாள் பாடம். என் வீட்டுக்காரருக்கு மட்டும் ஏன் அக்கா அந்தப் பாடத்தை எடுக்கவில்லை?

சீட்டு இல்லையென்றால் வேறு என்ன என்று பக்கத்திலிருந்தவர் கேட்டார். "வேற ஏதோ" என்று உன் உதவியாளர் கையை விரித்தார். எனக்குத் தெரியும் அந்த வேறு ஏதோ. நம் வீட்டில் அடி எல்லாருக்கும் ஒன்றாக இல்லை. எனக்கு ஓர் அடி விழவில்லை, உனக்கு விழவில்லை, எல்லாம் அண்ணனுக்கு. எது உடைந்தாலும் அப்பா "யாரு?" என்பார். நீ வாயைத் திறக்க வேண்டாம், அண்ணன் பக்கம் கண்ணைத் திருப்பினால் போதும். அவர் பெல்ட்டைக் கழற்றுவார், நீ உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டு சத்தமாகப் பாடம் படிப்பாய். உன் காது போன அன்றைக்கு அவன் முதுகில் என்ன இருந்தது என்று பார்த்தாயா? சட்டை ஒட்டிக்கொண்டு வரவில்லை. முந்தின நாள் அவன் பையில் சிகரெட் இருக்கிறது என்று அப்பாவிடம் சொன்னது யார்? அதனால்தான் தண்ணீரை அவனுக்குக் கொடுத்தேன்.

ரத்தம் என்று சொல்லிவிட்டால் யாரும் எதுவும் செய்யவில்லை என்று ஆகிவிடுகிறது. அதற்குத்தான் உனக்கு அந்த எண் வேண்டியிருந்தது.

தங்கை

மார்ச் 25

சின்னவளுக்கு,

முடிவுகள் அச்சில் வருவதற்கு முன் பொது இடத்தில் பேசியதற்காக உதவியாளரைக் கண்டித்துவிட்டேன். அவர் அழுதார். உனக்குத் திருப்தியாக இருக்கும்.

அந்தப் பத்தில் ஒரு பங்குக்குப் பிழை எல்லை மிக அகலம், சரிபார்க்காத முடிவை வெளியே சொல்லக் கூடாது, பழைய ஆய்வைச் சொல்வதுதான் அப்போது முறை. இப்படி ஒரு பக்கம் எழுதினேன். எழுதிவிட்டுக் கிழித்தேன். நீ நம்ப மாட்டாய் என்பதால் அல்ல. நம்பிவிடுவாய் என்பதால்.

ஆமாம். ஜனவரியில் எனக்குத் தெரியும்.

போன மார்ச்சில் உன் வீட்டுக்கு வந்தேன், நினைவிருக்கிறதா? அவன் மகள் கரண்டியை முஷ்டியால் பிடித்துக்கொண்டு சாப்பிட்டாள். நிமிர்ந்து என்னைப் பார்த்துச் சிரித்தாள். அதே சிரிப்பு, அதே மேல் உதடு. நான் எழுந்து போய் உன் குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டு உட்கார்ந்திருந்தேன். வயிறு சரியில்லை என்று உன்னிடம் சொன்னேன். இனி உன் வீட்டுக் கதவு திறக்கும் ஒவ்வொரு முறையும் அந்த முகம். அதற்குப் பத்து வயதாகும், பதினைந்தாகும். என்னால் முடியாது. முடியாது என்பதற்கு எண் கிடையாது சின்னவளே. அதனால் எண் இருந்ததைச் சொன்னேன்.

இப்போது நீ கேள். நான் போனில் சொன்னது இரண்டு வாக்கியம். காப்பகத்துக்குக் குழந்தையை அழைத்துக்கொண்டு போனது யார்? திருப்பி ஒப்படைக்கிறேன் என்ற பத்திரத்தில் கையெழுத்துப் போட்டது யார்? மாப்பிள்ளையை வெளியே போகச் சொல்லிவிட்டுக் குழந்தையை வைத்துக்கொண்டிருக்கலாம். உனக்குச் சம்பளம் இருந்தது, வீடு உன் பெயரில் இருந்தது. நீ புருஷனைத் தேர்ந்தெடுத்தாய். அந்தப் பழியைப் போட உனக்கு ஓர் ஆள் தேவைப்பட்டது. அக்கா வசதியாகக் கிடைத்தாள்.

இன்னொன்று. பார்க்கக் கூடாததைப் பார்த்தேன், நம் மூவரின் சீட்டையும். உனக்கும் எனக்கும் ஒத்துப்போவது நாற்பத்திரண்டு. எனக்கும் அவனுக்கும் ஐம்பத்தெட்டு. அவனுக்கு மிக நெருக்கமானவள் நான்தான். ஆனாலும் வாழ்க்கையில் ஒருவர் மீதும் நான் கை ஓங்கியதில்லை. உன் "வீடு" என்ற கதைக்கும் இதைப் பொருத்திப் பார். ஒரே வீட்டில்தான் நானும் வளர்ந்தேன்.

அவன் இந்த வாரம் வெளியே வருகிறான். என் முகவரியை மட்டும் கொடுக்காதே. என் வாழ்க்கையில் உன்னிடம் எதையும் கெஞ்சியதில்லை. இதைக் கெஞ்சுகிறேன்.

அக்கா

ஏப்ரல் 4

அக்கா,

கை ஓங்கியதில்லை என்கிறாய். உனக்குக் கை எதற்கு?

கையெழுத்து என்னுடையதுதான். நீ எழுதித்தான் எனக்குத் தெரிய வேண்டுமா? அந்த அலுவலகத்தில் பேனா எழுதவில்லை. அதிகாரி தன் சட்டைப் பையிலிருந்து வேறு பேனா எடுத்துக் கொடுத்தார். பாப்பா பக்கத்து நாற்காலியில் பிஸ்கட் தின்றுகொண்டிருந்தாள். "நீயும் வர்றியா அத்தை?" என்றாள். "பின்னாடியே வர்றேன்" என்றேன்.

அண்ணன் நேற்று மத்தியானம் கடைக்கு வந்தான். பிரேம் அடுக்கியிருக்கிற கண்ணாடிக்கு வெளியே நின்றான். யாரோ கிழவர் என்று நினைத்தேன். முடி பாதி இல்லை. "என்ன சின்னது, ஆள் அடையாளம் தெரியலையா?" என்று சிரித்தான். தோளில் ஒரு சின்ன மர நாற்காலி. சிறைக்குள்ளே பட்டறையில் அவனே செய்தது. "போன மாசம் நீ சொன்ன உயரத்துக்குத்தான் கால் வெச்சிருக்கேன். ஸ்கூல் எத்தனை மணிக்கு விடும்?" என்றான்.

உனக்கு இது தெரியாது. ஒவ்வொரு மாதமும் அவனைப் பார்க்கப் போவேன். பாப்பா இல்லை என்று என்னால் சொல்ல முடியவில்லை. கம்பிக்கு அந்தப் பக்கம் அவன் அப்படி ஒரு முகத்தோடு வந்து உட்காருவான். முதல் தடவை "நல்லா இருக்கா" என்று மட்டும் சொன்னேன். அடுத்த தடவை பல் விழுந்தது என்றேன். பிறகு சைக்கிள் ஓட்டுகிறாள் என்றேன், பெரிய அத்தை மாதிரி கணக்கில் கெட்டி என்றேன். என்ன உயரம் என்று கேட்டால் பக்கத்து வீட்டுப் பெண்ணைப் பார்த்து உயரம் சொல்வேன். குழந்தை வளர வளரப் பொய்யும் கூடவே வளர்ந்தது.

கடைக்குப் பின்னால் சந்துக்குக் கூட்டிப் போய்ச் சொன்னேன். "பாப்பா என்கிட்ட இல்லண்ணா."

தோளிலிருந்த நாற்காலியை இறுக்கிப் பிடித்துக்கொண்டான். பிறகு "செத்துட்டாளா?" என்றான்.

"இல்ல. குடுத்துட்டோம்."

"யாருக்கு?"

"தெரியாது."

அடிப்பான் என்று நினைத்தேன். அடித்தால் நன்றாக இருக்கும் என்றுகூட நினைத்தேன். நாற்காலியை மெதுவாக இறக்கிச் சுவரோரம் வைத்தான். "அப்போ அந்தப் பல்லு?" என்றான்.

அழுதேன். என் அழுகையை அவன் ஒரு மாதிரி பார்த்துக்கொண்டே இருந்தான், ஏதோ ரிப்பேருக்கு வந்த வண்டியைப் பார்ப்பது போல. "ஏன்?" என்று கேட்டான். ஒரே ஒரு வார்த்தை. "அக்காவைக் கேளுண்ணா" என்றேன்.

உன் ஆய்வகத்தின் விலாசத்தை எழுதிக் கொடுத்தேன். நீ கெஞ்சினாய் என்பதற்காகவே கொடுத்தேன். இந்தக் கடிதம் உன் கைக்கு வருவதற்குள் அவனே வந்திருப்பான்.

தங்கை

ஏப்ரல் 9

சின்னவளுக்கு,

வந்தான்.

காவலாளியிடம் முன்பே சொல்லி வைத்திருந்தேன், வாசலிலேயே நிறுத்திவிட்டார். மாடி ஜன்னலிலிருந்து பார்த்தேன். எதிரே மரத்தடியில் நின்றான். மதியச் சாப்பாட்டுக்கு எல்லாரும் போய் வந்த பிறகும் நின்றான். கூட வேலை செய்கிறவர்கள் அவன் யார் என்று கேட்க ஆரம்பித்தார்கள். அதனால் இறங்கிப் போனேன், தைரியத்தால் அல்ல.

கேன்டீனில் உட்கார்ந்தோம். எனக்கு இடது பக்கம் இருந்த நாற்காலியை இழுத்தவன், என்னவோ நினைத்துக்கொண்டு எழுந்து சுற்றி வந்து வலது பக்கம் உட்கார்ந்தான். டீயைத் தொடவில்லை.

"மாப்பிள்ளைகிட்ட என்ன சொன்னே?" என்று கேட்டான். சொன்னேன்.

"அது சரியா?"

"இல்ல."

ஏன் அப்படிச் சொன்னேன் என்று தெரியவில்லை. வேறு யாரிடமும் சொல்லியிருக்க மாட்டேன். அவன் தலையாட்டினான். "என்னைப் பத்தி நீ என்ன வேணா சொல்லு. உன்னை அடிச்சேன், வாங்கிக்கறேன். பாப்பா உன்னை என்ன பண்ணினா?"

பதிலுக்கு அவன் காத்திருக்கவில்லை. அடுத்ததைக் கேட்டான்: "உயரம் மட்டும் நிஜமாவே அப்பா அம்மாகிட்டேருந்து வருமாமே? சின்னது சொல்லுச்சு. பாப்பா பெரியவளானா என்ன உயரம் இருப்பா? நான் இவ்வளவு, அவ அம்மா குள்ளம். தோராயமா சொல்லேன். என்னைக்காவது பஸ்ஸுல கிஸ்ஸுல பாத்தா எனக்குத் தெரியணும்ல."

ஏதாவது ஓர் எண்ணைச் சொல்லியிருக்கலாம். தப்பாகவே இருந்தாலும் அதை வைத்துக்கொண்டு இருந்திருப்பான். நான் சொன்னேன்: "தனி ஒரு ஆளைப் பத்தி எந்தக் கணக்கும் உறுதியா சொல்லாது."

அவன் என்னையே பார்த்தான். "மாப்பிள்ளைக்குச் சொல்லத் தெரிஞ்சுது" என்றான். அவ்வளவுதான். சத்தம் போடவில்லை. சத்தம் போட்டிருந்தால் எனக்கு எளிதாக இருந்திருக்கும்.

நீ அவனை என்மேல் ஏவிவிட்டாய். சரி. யார் கையெழுத்துப் போட்டது என்று அவனுக்குச் சொன்னேன். பத்திரத்தின் நகல் மாப்பிள்ளையின் அலமாரியில் இருக்கும், அதில் காப்பகத்து அதிகாரியின் பெயர் இருக்கும் என்றும் சொன்னேன். ஞாயிற்றுக்கிழமை மாப்பிள்ளை வீட்டில்தான் இருப்பார் என்றும் சொன்னேன். அவன் போன பிறகு மாப்பிள்ளைக்குப் போன் செய்து, வருகிறான், ஜாக்கிரதையாக இருங்கள் என்றேன். எச்சரிக்காமல் இருந்தால் அதுவும் என் தப்பு என்று நீதானே எழுதுவாய்?

அக்கா

ஏப்ரல் 15

அக்கா,

ஞாயிற்றுக்கிழமை காலையிலேயே இரண்டு போலீஸ்காரர்கள் வந்து எங்கள் ஹாலில் உட்கார்ந்தார்கள். உன் போன் வந்ததைக் கூட என் வீட்டுக்காரர் என்னிடம் சொல்லவில்லை. "ரெண்டு பேருக்கு டீ போடு" என்று மட்டும் சொன்னார். எதற்கு வந்திருக்கிறார்கள் என்று தெரியாமல் போட்டேன்.

அண்ணன் தலை வாரி, சட்டையின் மேல் பட்டன் வரை போட்டுக்கொண்டு வந்தான். உள்ளே கால் வைக்கவில்லை. வாசலிலேயே நின்று, "மாப்பிள்ளை, அந்தப் பேப்பரை மட்டும் ஒரு தடவை காட்டுங்க. அந்த அதிகாரி பேரைப் பாத்துட்டுப் போயிடறேன்" என்றான். கையைக் கூப்பியிருந்தான். கூப்பின கையை ஒருவன் பின்னாலிருந்து பிடித்து முறுக்கினான். அண்ணனுக்கு அவர்கள் உள்ளே இருப்பதே தெரியாது. திடுக்கிட்டுத் தோளை உதறினான். முழங்கை ஒருவன் உதட்டில் பட்டது. கொஞ்சம் ரத்தம்.

அதற்கப்புறம் நடந்ததை எழுத மாட்டேன். படிக்கட்டில் இழுத்துக்கொண்டு போனார்கள் என்பது மட்டும் போதும். அவன் ஒரு தடவைகூடத் திருப்பி அடிக்கவில்லை. "பேரு மட்டும் சொல்லுங்க, பேரு மட்டும்" என்று கத்திக்கொண்டே போனான். பக்கத்து வீட்டுக்காரர்கள் எல்லாரும் வெளியே வந்து பார்த்தார்கள்.

கதவைச் சாத்திவிட்டு என் வீட்டுக்காரர் என்ன சொன்னார் தெரியுமா? அவர் முகத்தில் அப்படி ஒரு நிம்மதி. "பாத்தியா? உங்க அக்கா அப்பவே சொன்னாங்க. நாம அனுப்பினது நல்லதாப் போச்சு."

அது தப்பு, அக்காவுக்கே தெரியும் தப்பென்று, அவளே ஒத்துக்கொண்டு எழுதியிருக்கிறாள் என்றேன். உன் கடிதத்தை எடுத்து நீட்டினேன். வாங்கவில்லை. "நான் கண்ணால பாத்தேனே" என்றார்.

அன்றைக்கே புறப்பட்டுவிட்டேன். வீடு என் பெயரில் இருக்கிறது, அவரைத்தான் போகச் சொல்ல வேண்டும் என்பாய். தெரியும். அந்த மேஜை இருக்கிற வீட்டில் எனக்கு இருக்க முடியவில்லை. கடைப் பெண் ஒருத்தியோடு தங்கியிருக்கிறேன். நீ போன் பண்ணினால் பாடம் ஒப்பிக்கிறாள் என்றாயே, அவள்தான்.

நேற்று ஸ்டேஷனுக்குப் போனேன். போலீஸ்காரரைத் தாக்கினான் என்று எழுதியிருக்கிறார்கள். நான் பக்கத்தில் இருந்தேன் சார், அவர் அடிக்கவில்லை, கை தெரியாமல் பட்டது என்றேன். இன்ஸ்பெக்டர் நல்லபடியாகத்தான் பேசினார். "இவன் ஏற்கெனவே உள்ள இருந்தவன்தானேம்மா?" என்றார். ஆமாம் என்றேன். அதோடு என் சாட்சி முடிந்துவிட்டது. இந்தத் தடவை பழையதையும் சேர்த்து நீளமாகப் போகும் என்கிறார்கள். அவனைப் பார்க்க விட்டார்கள். ஒரு கண் மூடியிருந்தது. பாப்பாவைப் பற்றிக் கேட்பான் என்று பயந்துகொண்டே போனேன். கேட்கவில்லை. இனி நான் எதைச் சொன்னாலும் நம்பப் போவதில்லை என்று அவனுக்குத் தெரியும், எனக்கும் தெரியும். சுவரைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்துகொண்டான்.

வெளியே வரும்போது இன்ஸ்பெக்டர் ஒரு காகிதத்தில் உறவுக்காரர்கள் விவரம் எழுதிக்கொண்டார். அப்பா இல்லை, அம்மா இல்லை, மனைவி இல்லை. பிள்ளைகள் என்று கேட்டார். அவர் கையிலிருந்த பேனாவையே பார்த்தேன். அவரே ஒரு கோடு போட்டுவிட்டு அடுத்ததுக்குப் போனார்.

"கூடப் பிறந்தவங்க? நீங்க ஒருத்தர்தானா, வேற யாராவது இருக்காங்களா?"

"இல்ல சார்" என்றேன். "நான் மட்டும்தான்."